பதிவிறக்கச் சர்வர் செயலிழந்தால்: கோப்புகளை மீட்டு, கதவைத் திறக்கும் முறை

மென்பொருளைப் பதிவிறக்கக் கொடுக்கும் சர்வர் நின்றுபோவதும் செய்தித் தளம் ஒன்று நின்றுபோவதும் ஒரே வகைப் பழுது அல்ல. செய்தித் தளத்துக்கு வருபவர் மனிதர். பக்கம் திறக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி வருவார். பதிவிறக்கச் சர்வரை நாடி வருபவற்றில் நிறுவல் நிரல்கள், தானியங்கிப் புதுப்பிப்புகள், மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்க இரவில் ஓடும் பில்ட் வேலைகள், உங்கள் கோப்புகளின் நகலை வைத்து வழங்கும் மிரர் சர்வர்கள் எனப் பல இயந்திரங்களும் உண்டு. அவை கண்ணால் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எனவே சர்வரை எழுப்புவதோடு மீட்பு வேலை முடியாது. நீங்கள் வெளியிட்ட அதே கோப்பு, ஒரு பைட்டும் மாறாமல், கேட்டவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மணி நேரம் மூடிக் கிடந்தால் வருவது வசவு மட்டுமே. தவறான கோப்பை ஆறு நிமிடம் வழங்கிவிட்டால், அதை எடுத்துச் சென்றவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது ஒருபோதும் முழுமையாக முடியாது. கீழே உள்ள வரிசை இந்தக் கணக்கை வைத்தே அமைந்தது.

எது நின்றது?

சர்வருக்குள் நுழைந்து எதையாவது மறுதொடக்கம் செய்வதற்கு முன், வேறொரு வலையமைப்பில் உள்ள கணினியிலிருந்து ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். தளத்தின் பெயர் ஐபி முகவரியாக மாறுகிறதா? அந்த முகவரியோடு இணைப்பு கிடைக்கிறதா? தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகிறதா? சர்வர் என்ன பதில் எண் தருகிறது? வரும் பைட்டுகள் சரியானவையா? முதல் கேள்விக்கு, பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் டிக் (dig) கட்டளை போதும். மற்றவற்றுக்கு, கோப்பைக் கேட்டு எடுக்கும் கர்ல் (curl) கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டினால் எந்தப் படியில் தடங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிடத்தைச் சேமிப்பதாக நினைத்து நேராகச் சர்வரைக் கிளப்பப் போகிறவர்கள், டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் செலவழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் நெடுங்காலமாக 90 நாள் சான்றிதழ்களை வழங்கிவருகிறது. அவற்றைத் தானாகப் புதுப்பிக்கும் வேலை என்றோ ஒரு நாள் ஓசையின்றி நின்றிருந்தால், கோப்புகள் நலமாக இருக்கும்போதே பதிவிறக்கங்கள் மறுக்கப்படும். வட்டு நிறைந்துபோவது இன்னொரு வழக்கமான காரணம். வட்டில் இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் கோப்பு ஒவ்வொன்றுக்கும் வட்டில் தேவைப்படும் ஐநோடு என்னும் பதிவுகளின் எண்ணிக்கை தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பதிவுக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால்தான் இடம் விடுபடும். இவற்றில் எதுவாக இருந்தாலும் சரிசெய்வது சில நிமிட வேலை. கோப்புகளே காணாமல் போயிருந்தாலும், அவற்றின் மீது ஐயம் எழுந்தாலும் மட்டுமே மேற்கொண்டு வரும் முழு நடைமுறையும் தேவைப்படும்.

முதலில் மிரர்களை நிறுத்துங்கள்

கோப்புகளில் ஏதோ கோளாறு என்று தெரிந்த அந்தக் கணமே, வேறு எதையும் தொடுவதற்கு முன், மிரர்கள் உங்களிடமிருந்து நகலெடுப்பதை நிறுத்துங்கள். மிரர்கள் நகலெடுக்கப் பயன்படுத்தும் ஆர்சிங்க் (rsync) சேவையை மூடிவிடுவது போதும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சிறிய குழு ஒன்றின் கட்டற்ற மென்பொருளுக்கான பதிவிறக்கச் சர்வரைச் சில ஆண்டுகள் நான் கவனித்துவந்தேன். ஒரு நாள் மின்தடைக்குப் பிறகு சர்வர் தானாக எழுந்தது; கோப்புகள் இருந்த வட்டு மட்டும் இணைக்கப்படவில்லை. வட்டு இணைய வேண்டிய கோப்புறை வெறுமையாக அங்கேயே இருந்தது. ஆர்சிங்க், மூலத்தில் படிப்புப் பிழை ஏற்பட்டால் மூலத்தில் இல்லாத கோப்புகளை மிரரிலும் நீக்கும் அழிப்பு வேலையைத் தானாகவே கைவிடும். ஆனால் வெற்றுக் கோப்புறை அதன் கண்ணில் பிழை அல்ல, உரிமையாளர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார் என்றே அது புரிந்துகொள்ளும். அழிப்பு விருப்பத்தோடு மணிக்கொரு முறை எங்களைப் பின்தொடர்ந்த மிரர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நான் விழித்துப் பார்த்தபோது எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஏதோ பழுதால் ஒரு வாரமாக ஒத்திசையாமல் கிடந்த மிரர். ஒத்திசைவில்லை என்று நான் முதல் நாள்தான் அதன் பொறுப்பாளருக்கு நினைவூட்டல் அனுப்பியிருந்தேன். அந்த மிரரிலிருந்துதான் பழைய வெளியீடுகள் அனைத்தையும் திரும்பப் பெற்றோம்.

இதைத் தடுக்க இரண்டு சிறு வேலைகள் உள்ளன. மிரர் நடத்துபவர்கள் ஒரே ஓட்டத்தில் அழிக்கப்படும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க ஆர்சிங்கிலேயே விருப்பம் உண்டு. அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில், வட்டின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே ஆர்சிங்க் சேவை தொடங்குமாறு செய்யுங்கள்.

என்ன சொல்வது, எங்கே சொல்வது

அடுத்த வேலை அறிவிப்பு. பழுதைச் சரிசெய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் மௌனமாக இருக்கும் நேரத்தில்தான் பயனர்கள் உங்கள் மென்பொருளின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, யாரென்றே தெரியாத தளங்களிலிருந்து நிறுவல் கோப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அறிவிப்பு வைக்கும் இடம் பழுதான சர்வரைச் சார்ந்திருக்கக் கூடாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, தவறாக உள்ளிடப்பட்ட ஒரு கட்டளையால் வட விர்ஜீனியாப் பகுதியில் பல மணி நேரம் முடங்கியபோது, அந்நிறுவனத்தின் நிலைப் பலகையைப் புதுப்பிக்கும் கருவியே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால் பலகையில் உண்மை நிலையைக் காட்ட முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம், வேறொரு டொமைனில் இருக்கும் ஒரே ஒரு நிலையான பக்கம் போதும்.

அறிவிப்பில் நான்கு செய்திகள் இருந்தால் போதுமானது. மாதிரிக்கு ஒன்று: “பதிவிறக்கச் சர்வர் யூடிசி நேரம் 14:20 முதல் இயங்கவில்லை. வட்டுப் பழுது காரணம். கோப்புகள் மாற்றப்பட்டதற்கான தடயம் இதுவரை இல்லை, சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. 4.2 பதிப்பு கீழே உள்ள மிரரில் கிடைக்கும். மின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே நிறுவுங்கள். அடுத்த அறிவிப்பு 16:00 மணிக்கு.” எப்போது சரியாகும் என்று உறுதிகொடுப்பதை விட, அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று உறுதிகொடுத்து அதைக் காப்பாற்றுவது மேல். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 16:00 மணிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இயந்திரங்களுக்கும் ஓர் அறிவிப்பு உண்டு. அது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் தரும் பதில் எண். சர்வர் தற்காலிகமாக இயங்கவில்லை என்பதற்கு 503 என்ற எண்ணைத் தர வேண்டும். அதோடு மறுமுயற்சிக்கு எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரையும் சேர்க்க வேண்டும். பலர் அவசரத்தில் செய்யும் தவறு, “பராமரிப்பு நடக்கிறது, மன்னிக்கவும்” என்ற அழகான பக்கத்தை எல்லா முகவரிகளுக்கும், எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு அனுப்புவது. அப்போது கணினி அந்தப் பக்கத்தையே நிறுவல் கோப்பாக எண்ணிச் சேமித்துக்கொள்ளும். 80 எம்பி இருக்க வேண்டிய ஜிப் கோப்பு 2 கேபி அளவில் கிடக்கும். எடிட்டரில் திறந்தால் உள்ளே எச்டிஎம்எல் தெரியும். உண்மையான ஜிப் கோப்பு வழக்கமாக பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும்; அந்த வடிவத்தை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. முதல் இரண்டு பைட்டுகளைப் பார்த்தாலே கையில் இருப்பது கோப்பா, மன்னிப்புக் கடிதமா என்று தெரிந்துவிடும். கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும் 404 எண்ணும் ஆபத்தானதே. அந்தக் கோப்பு இனி இல்லை என்று முடிவு செய்து பட்டியலிலிருந்து நீக்கிவிடும் கருவிகள் இருக்கின்றன, கோப்புகளின் நகலைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சிடிஎன்களும் அந்தப் பதிலைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

யாரோ உள்ளே வந்திருந்தால்

பழுதின் காரணம் தெளிவாகப் புரியாதவரை, யாரோ அத்துமீறி நுழைந்திருக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிடாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்கச் சுட்டியைப் திருட்டு நுழைவழியான பின்கதவு பொதிந்த வேறொரு ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். சர்வர் விழவே இல்லை; பயனருக்கு எல்லாம் சரியாக இயங்குவது போலவே தெரிந்தது.

அத்துமீறலுக்கான சிறு அறிகுறி தென்பட்டாலும், அந்தச் சர்வரைப் பழுதுபார்க்க முயலாதீர்கள். வட்டின் முழுப் படிமத்தை எடுத்து வைத்துவிட்டு, புதிய இயந்திரத்தில் புதிதாக இயங்குதளம் நிறுவி, சரிபார்க்கப்பட்ட கோப்புகளை மட்டும் அங்கே கொண்டு போங்கள். அந்தச் சர்வரில் இருந்த கடவுச்சொற்கள், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், தானியங்கி வேலைகளுக்கான டோக்கன்கள் அனைத்தும் பறிபோனவையாகவே கருதி மாற்றப்பட வேண்டும். இதற்கு நாள்கள் ஆகும், ஆகட்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் தலைமைத் தளமாகிய கெர்னல் டாட் ஆர்க்கில் 2011 ஆகஸ்ட் இறுதியில் ஊடுருவல் கண்டறியப்பட்ட பிறகு, அக்டோபர் தொடக்கத்தில்தான் அது மீண்டும் எழுந்து வந்தது. அந்த இடைவெளியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் நிரல் களஞ்சியத்தை கிட்ஹப் தளத்தில் வைத்து வேலையைத் தொடர முடிந்ததற்குக் காரணம், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் அமைப்பில் ஒவ்வொரு மாற்றமும் முந்தையவற்றின் ஹேஷோடு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணோடு, பிணைந்திருப்பதும், ஆயிரக்கணக்கானோர் கணினிகளில் அதே வரலாற்றின் நகல் இருந்ததும்தான். கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சாராமல் அதன் உண்மைத்தன்மையை நிறுவ முடிந்தால், சர்வரை இழப்பது வெறும் அலைச்சலாக மட்டுமே முடியும்.

கோப்புகளைத் திரும்ப வைப்பது

இங்கே முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 2 டிபி கோப்புகளை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் பேக்கப்பிலிருந்து இறக்க 20,000 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் மக்கள் கேட்பது பெரும்பாலும் கடைசி நிலையான பதிப்பை மட்டுமே. அது 3 ஜிபி என்றால் அரை நிமிடத்தில் வந்துவிடும். அகரவரிசையில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு காத்திருக்காமல், கடைசிப் பதிப்பு, அதன் கையொப்பங்கள், அதற்கு முந்தைய நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்ற வரிசையில் எடுங்கள். பத்தாண்டுப் பழைய சோதனை வெளியீடுகள் மறுநாள் வரலாம்.

இறக்கும் கோப்புகளை நேராகப் பொதுக் கோப்புறையில் போடாதீர்கள். வெளியே தெரியாத தனிக் கோப்புறையில் இறக்கி, சரிபார்த்து, பிறகு ஒரே பெயர்மாற்றத்தால் பொது இடத்துக்கு நகர்த்துங்கள். நேரடியாக வைத்தால், பாதி எழுதப்பட்ட கோப்பை யாராவது முழுக் கோப்பு என்று எடுத்துச் சென்றுவிடுவார்கள். கோப்புகளின் நேர முத்திரையும் பழையபடி இருக்க வேண்டும். ஆர்சிங்க் இயல்பாக அளவையும் நேரத்தையும் ஒப்பிட்டே கோப்பு மாறியதா என்று முடிவு செய்கிறது. நேரம் மாறியிருந்தால், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் எல்லா மிரர்களும் எல்லாக் கோப்புகளையும் மறுபடி படித்து ஒப்பிட ஆரம்பிக்கும். எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் நிரல், கோப்பு மாறியதா என்பதைக் காட்டும் ஈடேக் அடையாளத்தை அந்த இரண்டைக் கொண்டே உருவாக்குவதால், பாதியில் நின்ற பதிவிறக்கத்தைத் தொடர வரும் உலாவி, இது வேறு கோப்பு என்று கருதி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

சரிபார்ப்பில் குறுக்குவழி எடுக்காதீர்கள். கோப்பின் அளவு சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. பழைய வட்டில் நடுவே ஒரு பிட் புரண்டிருந்தாலும் அளவு அதேதான். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 ஹேஷைக் கணக்கிட்டு, வெளியீட்டு நாளில் எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். 64 எழுத்துகளையும் கருவி ஒப்பிடட்டும். கண்ணால் முதல் ஆறு எழுத்தைப் பார்த்துத் தலையசைப்பது ஒப்பிடுவதாகாது. அந்தப் பட்டியலும் அதே சர்வரின் பேக்கப்பிலிருந்து வந்தது என்றால், பட்டியலை எழுதியது நீங்களே என்று காட்டும் ஜிபிஜி மின் கையொப்பத்தைச் சர்வரில் அல்லாமல் உங்கள் சொந்தக் கணினியில் சோதியுங்கள். கையொப்பமிடும் ரகசியச் சாவி எந்தக் காலத்திலும் பதிவிறக்கச் சர்வரில் இருக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பேக்கப் எந்த நாளுடையது என்பதையும் பாருங்கள். மூன்று நாள் பழைய பேக்கப் என்றால், நேற்று வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் அதில் இருக்காது. கோப்புகள் எல்லாம் முறையான கையொப்பத்தோடு இருக்கும். ஆனாலும் ஓட்டை அடைக்கப்படாத பழைய பதிப்பைப் புதியது என்று வழங்கிக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் திட்டம் தன் பாதுகாப்புப் புதுப்பிப்புப் பட்டியலில் இது எந்த நாள் வரை செல்லும் என்று ஒரு தேதியைச் சேர்த்துக் கையொப்பமிடுவது, பழைய பட்டியலை யாரும் புதியதென்று கொடுத்துவிடாமல் இருப்பதற்காகத்தான். உங்களிடம் அத்தகைய ஏற்பாடு இல்லையென்றால், கதவைத் திறக்குமுன் கடைசிப் பதிப்பின் எண்ணைக் கையால் சரிபாருங்கள்.

மெதுவாகத் திறப்பது

மூடிக் கிடந்த சர்வர் திறந்ததும், காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வருவார்கள். 1 ஜிபிட் இணைப்பு விநாடிக்கு 125 எம்பி தரும். 500 எம்பி கோப்பை 1,000 பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒவ்வொருவருக்கும் விநாடிக்கு 125 கேபிதான் கிடைக்கும். ஒருவருக்கும் 4,000 விநாடிக்குள், அதாவது ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள், கோப்பு முடியாது. நடுவில் பொறுமையிழந்து நிறுத்தி மறுபடி தொடங்குபவர்களால் நிலைமை இன்னும் மோசமாகும். அதே இணைப்பில் ஒரு நேரத்தில் 100 பேரை மட்டும் அனுமதித்து மற்றவர்களுக்கு 503 கொடுத்தால், முதல் 100 பேர் ஏழு நிமிடத்துக்குள் கோப்போடு போய்விடுவார்கள். கடைசி ஆளுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான், மற்றவர்கள் எல்லோரும் முன்னதாகவே முடித்துவிடுகிறார்கள். ஆகவே இணைப்பு வரம்பை இறுக்கமாக வைத்துத் திறந்து, சுமையைப் பார்த்துத் தளர்த்துங்கள். உங்கள் மென்பொருளின் புதுப்பிப்பு நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், தோல்வியடைந்த ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் மாறுபாட்டையும் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கணினிகளும் ஒரே தாளத்தில் வந்து மோதும்.

தற்காலிகமாக வேறு சர்வருக்குத் திருப்ப நேர்ந்தால் 302 அல்லது 307 எண்ணைப் பயன்படுத்துங்கள். 301 என்பது நிரந்தர மாற்றம். உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகும் மூடப்பட்ட தற்காலிக சர்வரையே தேடிப் போகும். சிடிஎன் வைத்திருப்பவர்கள் பழுது நேரத்துப் பதில்களை அதன் நினைவகத்திலிருந்து நீக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு முழுப் பதிவிறக்கம் செய்து, கையொப்பம் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்ட பிறகே மிரர்களுக்கான ஆர்சிங்க் சேவையைத் திறங்கள். முதலில் மூடிய அந்தக் கதவே கடைசியில் திறக்க வேண்டியது.

பதிவிறக்கக் காத்திருப்பவருக்கு

பயனராக உங்களுக்குச் செய்ய வேண்டியது குறைவு. அவசரமில்லை என்றால் காத்திருங்கள். அவசரம் என்றால் திட்டத்தின் சொந்த அறிவிப்பில் சொல்லப்பட்ட மிரரை மட்டும் நாடுங்கள். எடுத்த கோப்பின் கையொப்பத்தை, ஏற்கெனவே உங்களிடம் உள்ள சாவியைக் கொண்டு சரிபாருங்கள். கோப்பையும் ஹேஷையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்து ஒப்பிடுவது பாதியில் அறுந்த பதிவிறக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும். அந்தப் பக்கத்தையே மாற்றியவனைக் கண்டுபிடிக்க உதவாது. அரைகுறையாக நின்ற பதிவிறக்கத்தை நீக்கிவிடாதீர்கள். சர்வர் மீண்டதும் டபிள்யூகெட், கர்ல் போன்ற கருவிகளால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, முடிந்ததும் ஹேஷைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பழுதுக்கு முன்

பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பு, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலம், 86,400 விநாடி என்றால், நீங்கள் முகவரியை மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். பழுது வந்த பிறகு அதைக் குறைத்துப் பயனில்லை. இன்றே 300 ஆக்கி வையுங்கள். பேக்கப்பில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், சர்வர்களை வாடகைக்குத் தரும் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 தரவு மையம் தீயில் அழிந்தபோது, பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

பேக்கப் ஓடியது என்ற செய்தியை நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல் களஞ்சியங்களை வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளத்திலிருந்த தரவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அன்றாடப் பேக்கப் இருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. பேக்கப் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் அது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டுவந்தன. எனவே மாதம் ஒரு முறை, பேக்கப்பிலிருந்து ஏதேனும் ஒரு பதிப்பைப் புதிய இயந்திரத்தில் இறக்கி, கையொப்பம் சரிபார்த்து, நிறுவிப் பாருங்கள். அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதை ஒரு தாளில் எழுதி, டொமைன் பதிவாளரின் கணக்கு யாரிடம் உள்ளது, மிரர் பொறுப்பாளர்களை எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரங்களோடு சர்வருக்கு வெளியே வையுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்களைத் தவிர இன்னொருவர் அந்த வேலையைச் செய்து முடிக்கிறாரா என்று ஒரு மாதம் அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.